செல்லாயியின் கடைவாய்ப் பல்லும் சம்பந்தி வெற்றிலையும்

சுங்காய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் செல்லாயி அளவுக்குப் பட்டை நோகாமல் ரப்பர் மரம் சீவ ஆள் கிடையாது. உண்டு என்பவன் கத்தியோடு வரட்டும், பார்ப்போம். கடல் தாண்டிப் பிழைக்க வந்து கப்பல் இறங்கிய நாளில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு மாற்றுச் சேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் காதில் தண்டட்டி, குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இரண்டு பசு, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் நவமணி. எல்லாம் சொந்தக் கையால் வந்தது. ஆகவே எந்த வியாதிக்கும் இன்னொருத்தர் வாசலில் போய் நிற்பது அவளுக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு வியாழக்கிழமை கடைவாய்ப் பல் குத்த ஆரம்பித்தது. மிளகு நுழையும் அளவுக்குக் குழி. ஞாயிற்றுக்கிழமை பத்து காஜா டவுனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை மாற்ற வருகிறார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ‘நோய்க்காரி வீடு’ என்று பேராகிவிடாதா?

செல்லாயி யோசித்தாள். மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரு நூல் அளவு உரித்தாள். உருட்டிப் பல் குழிக்குள் திணித்தாள். சைக்கிள் டியூப் ஓட்டையையே அடைக்கிற சரக்கு, பல்லை அடைக்காதா?

அடைத்தது. உள்ளே இருந்த சீழையும் சேர்த்து அடைத்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது இடது கன்னம் மாங்காயை ஒளித்ததுபோல் இருந்தது.

“ஏ புள்ள, எனக்குப் பங்கு குடுக்காம என்னத்த வாயில ஒளிச்சு வெச்சிருக்கே?” என்றான் புருஷன் ஐயாவு.

“சும்மா கெட” என்றாள். இவ்வளவு சின்னத் திட்டோடு அவள் நிறுத்தி அவன் பார்த்ததே இல்லை. பயந்துபோய், தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

டிரெஸ்ஸர் துரைசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். இடுக்கியால் ஒட்டுப்பாலை மெதுவாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, துரையின்ரை ரப்பரைக் களவெடுத்து வாய்க்குள்ளை வச்சிருக்கிறாய்?”

ஐயாவு சிரித்தான். செல்லாயி முறைத்தாள். சிரிப்பு நின்றது.

இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் அவளைக் கொப்பளிக்க வைத்தார். கிராம்புத் தைலத்தில் பஞ்சைத் தொட்டுப் பிழிந்து, குழிக்குள் மட்டும் வைத்தார்.

“தைலம் பல்முரசிலை பட்டால் வெந்துபோம். வெளியாலை ஈரச் சீலையைக் குளிரக் குளிர ஒத்து, சூடு வைக்காதை. தலையை உசத்திப் படு. காய்ச்சல் வந்தாலோ, விழுங்க ஏலாமல் போனாலோ உடனை ஆசுப்பத்திரிக்கு ஓடு. இல்லாட்டித் திங்கட்கிழமை பத்து காஜாவுக்குப் போய்ப் புடுங்கு. நான் செய்தது நோவைத் தணிக்கத்தான், பல்லு சுகமாகாது. அதுவரைக்கும் வெத்திலை, சுண்ணாம்பு, புகையிலை ஒண்டும் வாயிலை வைக்கப்படாது.”

“வெத்தலையுமா?” செல்லாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பின்னே? மாற்றிய வெற்றிலையைச் சபையில் இரண்டு தாய்மாரும் மெல்ல வேண்டும். மென்றால்தான் சம்மதம். துப்பினாலோ தட்டினாலோ சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கம் பாதி வடிந்திருந்தது. மீதியை முந்தானையால் மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை சீனியின் தாய் ராக்காயி, மணக்க மணக்க மடித்த வெற்றிலையை நீட்டினாள். செல்லாயி வாங்கினாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

ராக்காயி பார்த்தாள். சபையும் பார்த்தது.

“எங்க வெத்தல கசக்குதோ? நேரா சொல்லிடு லா, அடுத்த ரயிலப் புடிச்சிப் போயிடறோம்” என்று வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

உள்ளே நவமணி விசும்பும் சத்தம் கேட்டது. கங்காணி முன்னால் வாயை மூடத் தெரியாத செல்லாயிக்கு, இந்த ஒருத்தி முன்னால் வாயைத் திறப்பது அத்தனை பாடாக இருந்தது. ஆனாலும் முந்தானையை விலக்கினாள். ஆவென்று திறந்தாள்.

ராக்காயி தட்டோடு குனிந்து எட்டிப் பார்த்தாள். கிராம்பு வாடை அடித்தது.

“அடி ஆத்தே! என்னத்தடி வெச்சே இதுல?”

“ஒட்டுப்பாலு.”

ராக்காயி தட்டைக் கீழே வைத்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் வாயைத் திறந்து, பல் போன இரண்டு இடங்களைக் காட்டினாள்.

“நான் மண்ணெண்ணெய ஊத்தினேன்டி. மூணு நாளு கஞ்சி எறங்கல. இதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டா எம்மவன் கல்யாணத்தக் கெடுக்கப் பாத்தே? அண்ணே, பொண்டாட்டி பங்கையும் நீங்களே மெல்லுங்க. நாங்க ஏத்துக்கிட்டோம்.”

ஐயாவு இரண்டு பங்கையும் ஒரே வாயில் அடைத்து மென்றான். பேச வராததால் தலையைத் தலையை ஆட்டினான். சம்பந்தம் முடிந்தது.

திங்கட்கிழமை பத்து காஜா ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்திருந்தார்கள். துணைக்கு வந்த ராக்காயியின் முன்பல் ஒன்றும் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்துவிடலாமே என்று ஐயாவு சொல்லிவிட்டிருந்தான். உள்ளேயிருந்து யாரோ “ஐயோ” என்றார்கள்.

“நீ போ சம்பந்தி. பொண்ணு வீட்டுக்காரங்கதான் முந்தணும்.”

“அது என்னா ஞாயம்? மாப்பிள்ள வீட்டுக்குத்தான் மொத மரியாத. நீங்க போங்க.”

“எனக்கு ஆடத்தான் செய்யுது, வலிக்கல.”

“எனக்கும் இப்ப வலியக் காணோம்.”

மூன்றாம் தரம் பெயரைக் கூப்பிட்டார்கள். செல்லாயி எழுந்தாள், ராக்காயியின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு.