அரைக் கரண்டி இருமல் பாணி

மகளுக்கு அப்போது பத்து மாதம். இருமல் தொடங்கி மூன்று கிழமை ஆகியிருந்தது. குழந்தை மருத்துவர் இரண்டு முறை நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு தெளிவாக இருக்கிறது, பொறுத்திருங்கள் என்றார். பொறுத்திருப்பது ஒரு மருந்தாக எனக்குப் படவில்லை.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு சீனக் குடும்பம் இருக்கிறது. மகளின் இருமலைப் படியில் கேட்ட அந்தத் தாய் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். கறுத்த, தடித்த மூலிகைப் பாணி. தன்னுடைய மூன்று வயது மகனுக்கு இதுதான் கேட்கிறது என்றார்.

நான் உயிரியல் படித்தவள். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட மாட்டேன். போத்தலில் ஒட்டியிருந்த ஜெர்மன் தாளைப் பார்த்து ஒவ்வொரு மூலிகையாகத் தேடினேன். மகள் பகலில் தூங்கும் நேரமெல்லாம், மூன்று நாள், ஆய்வுகள் வாசித்தேன். சில எலிகளில் செய்தவை. சில வளர்ந்தவர்களில், ஆட்கள் கொஞ்சம்பேர். மருந்து குடிக்காதவர்களின் இருமல் எப்போது நின்றது என்று சிலவற்றில் பார்க்கவே இல்லை. உதவும் என்றும் சொல்ல முடியாது, உதவாது என்றும் சொல்ல முடியாது. கைக்குழந்தைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதை, கெடுதல் இல்லை என்று நான் வாசித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை இருமி இருமிப் பாலைக் கக்கினாள். அரைக் கரண்டி கொடுத்தேன். உதட்டை நக்கிக்கொண்டு இன்னும் கேட்டாள்.

பின்னேரம் வேலையால் வந்த கணவர் பாணியை விரலில் தொட்டு ருசி பார்த்தார்.

"நல்ல இனிப்பாக் கிடக்கு. தேன் போட்டிருக்கிறாங்களோ?"

தாளின் கடைசி வரியில் தேன் இருந்தது. அது மூலிகை இல்லை என்பதால் நான் தேடவில்லை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது என்பதைக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் நானே கோடு போட்டு வைத்திருந்தேன்.

"மூண்டு நாளா என்னத்தையப்பா வாசிச்சனீர்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அழாதையும். டொக்டருக்குப் போன் எடுப்பம்."

தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சு சுரந்து தசைகளைத் தளர்த்திவிடும், அப்படி நடப்பது மிக அரிது என்றார் மருத்துவர். ஆனால் நாலு கிழமை கவனிக்க வேண்டும். மலம் இறுகினால், பால் உறிஞ்சும் பலம் குறைந்தால், அழுகை மெலிந்தால், கழுத்துத் துவண்டால் உடனே மருத்துவமனை. இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார்.

அன்றிலிருந்து அந்த இருமல் எனக்கு வேண்டியதாகிவிட்டது. பலமாக இருமினால் பிள்ளையிடம் பலம் இருக்கிறது.

பாணி கொடுத்த ஆறாம் நாள் இருமல் நின்றது. பாணியாலா, தானாக அடங்கும் காலம் வந்ததாலா, இருமக்கூடப் பலம் இல்லாமலா? படியில் கண்ட மேல்வீட்டுத் தாய், மருந்து கேட்டதா என்று விசாரித்தார். நின்றுவிட்டது என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. தேனைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே வந்ததும், மகள் கடித்துக்கொண்டிருந்த மரக்கரண்டியைப் பிடுங்கினேன். வீறிட்டாள்.

"ஏனப்பா பிள்ளையை அழ வைக்கிறீர்?" என்று குசினிக்குள் இருந்து கணவர் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ."

முகம் சிவக்க, முழு மூச்சோடு அழுதாள். கடைசிவரை கேட்டுவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் மூன்று கிழமை, நாளுக்கு ஒரு முறையாவது பிடுங்க வேண்டும்.