நூற்றி அறுபது பலாக்காய்

ஒரு பெண்ணைப் பரீட்சையில் திருட்டுத்தனமாகத் தேற வைத்தவள் நான். அவள் இன்றைக்கு எங்கள் ஊரில் நர்ஸ். பிரஷர் பார்த்துவிட்டு அவள் 'நார்மல்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அது நிஜம்தானா என்று எனக்குச் சந்தேகம்.

சொல்லிவிட்டேன். இனி என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

சிரிக்காதே! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கிழவி, நர்ஸ் பரீட்சையில் எப்படித் திருடினாள் என்றுதானே யோசிக்கிறாய்? அந்தப் பரீட்சைக்குக் கேள்வித்தாளே நான்தான்.

எங்கள் ஊர் காடாம்புலியூருக்குப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்தே கறுத்துப்போன விரல்கள் எனக்கு. வீட்டுக்காரர் போன பிறகு சில வருஷம் சிதம்பரத்தில் சின்ன மகன் வீட்டில் இருந்தேன். அங்கேதான் தலைசுற்றலும் பிரஷரும் வந்தது. வைத்தியத்துக்குப் போன இடத்தில் நர்ஸ் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். என் வாய் அவர்களுடைய டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. செய்முறைப் பரீட்சை வந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். கட்டிலில் படுக்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நாடி பிடித்து, பிரஷர் பார்த்து, கேள்வி கேட்டு எழுதுவார்கள். அப்படிப் படுக்கிற ஆளுக்குக் 'கேஸ்' என்று பெயர். கோர்ட்டுக்குப் போகாமலே நான் கேஸ் ஆனேன்!

படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். தேவனாம்பட்டினத்து மீன்காரி மகள், பண்ருட்டிப் பக்கத்துக் கூலிக்காரர் மகள்... வீட்டில் முதல்முதலாகப் புத்தகம் தூக்கியவர்கள். டவுன் பிள்ளைகள் மேடத்தோடு இங்கிலீஷில் பேசிச் சிரிக்கும்போது, இதுகள் உள்ளங்கை வியர்த்துச் சுவரோரம் நிற்கும். பார்க்கப் பொறுக்குமா? சாயங்காலம் வேர்க்கடலை அவித்து எடுத்துப் போவேன். தின்னச் சொல்லி, கையை நீட்டுவேன். "பாருங்கடி, நல்லா அமுக்கிப் பாருங்க. புருசங்காரன்கூட இந்தக் கைய இவ்ளோ நேரம் புடிச்சதில்ல" என்பேன். அறையே சிரிக்கும். பயம் போய்விடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்... ஏன் நிறுத்தவில்லை?

தேன்மொழியின் அம்மா என்னோடு ஒரே கொட்டகையில் முந்திரி உடைத்தவள். மகளைச் சேர்த்துவிட்டுப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, அவளுக்கு இங்க யாரும் இல்ல. நீதான் பாத்துக்கணும்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதைப் பார்த்துக்கொண்டேன் என்பதைத்தான் இப்போது சொல்கிறேன்.

பரீட்சையன்று வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். முதலில் அவரே எனக்குப் பிரஷர் பார்த்து, பக்கத்து மேடத்திடம் இங்கிலீஷில் நம்பரைச் சொன்னார். மேலே நூற்றி அறுபது, கீழே தொண்ணூறு. கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார். பஸ் நம்பரும் போன் நம்பரும் இங்கிலீஷில் கேட்டுப் பழகிய காது இது!

தேன்மொழி வந்தாள். என் கையில் பட்டையைச் சுற்றினாள். காதில் குழாயை மாட்டிக்கொண்டு காற்றை ஏற்றினாள், இறக்கினாள். திரும்ப ஏற்றினாள். உனக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். காற்று இறங்கும்போது 'டப் டப்' என்று ஒரு சத்தம் தொடங்கும், அது மேல் நம்பர். சத்தம் நின்றுபோகும் இடம் கீழ் நம்பர். கேட்கத் தெரிந்தவளுக்கு அந்த நேரத்தில் கண் அசையாது. இவள் கண் அலைந்தது. மேல் உதட்டில் வியர்வை. மூன்றாம் முறை காற்றை ஏற்றினாள்...

நான் மேடத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"மேடம், ஒங்க ஊர்ல பலா உண்டா? போன வருசம் எங்க மரத்துல நூத்தி அறுபது காய். என்ன புண்ணியம்? தொண்ணூறு அழுவிப் போச்சு!"

"பாட்டி, பேசக் கூடாது" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் கண்ணடித்தேன். எழுதினாள். தேறினாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஆயா, எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீ சொன்ன பலாக்காயத்தான் எழுதனேன்."

"அதுக்கு ஏண்டி அழுவுற? பாஸாயிட்ட இல்ல?"

"எப்பவுமே கேக்க மாட்டேங்குது ஆயா. மத்தவளுங்க எழுதறதப் பாத்துதான் எழுதுறன்."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்... டீச்சரிடம் போய், இந்தப் பிள்ளைக்கு இன்னொரு தரம் சொல்லிக் கொடுங்கள் என்றிருக்கலாம். என் கையையே நீட்டி, கேட்கிற வரைக்கும் எழுந்திருக்காதே என்றிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா?

"வேலைக்குப் போனா தானா கேக்கும்டி. கல்யாணம் பண்ணிக்கினா சமைக்க வரல?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பாவி!

படிப்பை முடித்து, அவள் எங்கள் ஊருக்கே நர்ஸாக வந்தாள். அவள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண். மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். நானும் அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன். அவ்வளவு பேர் முன்னால் என் காலில் விழுந்து, "இந்த ஆயா இல்லன்னா நான் நர்ஸு இல்ல" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சொன்னது எவ்வளவு நிஜம் என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுகூட நான் பயப்படவில்லை. நம்பர் தானாகக் காட்டுகிற மெஷின் ஒன்று அவளிடம் இருந்தது. காது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

என் பேத்தி, பெரிய மகனின் பெண் மீனா, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வளைகாப்பு முடிந்த சில நாளில் கொலுசைக் கழற்றி சாமி மாடத்தில் வைத்திருந்தாள். ஏன் என்றேன். "இறுக்குது ஆயா" என்றாள். கணுக்காலில் கொலுசின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது, சீக்கிரத்தில் எழவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கால் இப்படி வீங்கினால் பிரஷராக இருக்கலாம் என்பது, அத்தனை வருஷம் கேஸாகப் படுத்தவளுக்குக் கூடவா புரியாது?

தேன்மொழி வந்தாள். மெஷின் வேலை செய்யவில்லை என்று பழைய பட்டையையும் குழாயையும் எடுத்து வந்திருந்தாள். மீனாவின் கையில் சுற்றினாள், ஏற்றினாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன். அசைந்ததா, அசையவில்லையா? காற்றைச் சட்டென்று விட்டது போலிருந்தது... இல்லை, என் பயம்தான் அப்படிக் காட்டியதா?

"நூத்தி இருவது, எம்பது. நார்மல்தான் மீனா. கால மேல தூக்கி வச்சிப் படு" என்றாள்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். தந்திரம்தானே எனக்குத் தெரியும்! "எனக்கும் பாருடி" என்று கையை நீட்டினேன். நாலு நாளாக மாத்திரை போடவில்லை, பிரஷர் ஏறித்தான் இருக்கும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்கிறதா, இல்லையா... அந்த நம்பரில் தெரிந்துவிடும் அல்லவா?

ஏற்றினாள். இறக்கினாள். குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"நூத்தி அறுவது, தொண்ணூறு. அதே பலாக்கா ஆயா!"

பார்த்தாயா? கேட்டுச் சொன்னாளா? ஞாபகத்திலிருந்து சொன்னாளா? நான் வைத்த பரீட்சைக்கு நானே முன்கூட்டி விடை சொல்லிக் கொடுத்துவிட்டேன். இந்த உலகத்தில் அவளைச் சோதிக்கவே முடியாத ஒரே கை என் கைதான்!

அன்று எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் தலை சுற்றுகிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கடலூர் பெரிய டாக்டரிடம்தான் போவேன், மீனா கூட வந்தால்தான் போவேன் என்று அடம் பிடித்தேன். "வயித்துப் புள்ளக்காரிய இழுத்துக்கினு போவுதே, கெழவிக்குக் கிறுக்கு" என்று மருமகள் திட்டினாள். திட்டட்டும். கடலூரில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும், "எனக்கு அப்பறம் பாரும்மா, மொதல்ல இவளப் பாரு" என்றேன்.

பார்த்தார். முகம் மாறியது. திரும்பவும் பார்த்தார்.

"கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

"நேத்துதான். ஊர் நர்ஸ் நார்மல்னு சொன்னாங்க" என்றாள் மீனா.

"நார்மலா? அவங்க சரியாத்தான் பாத்தாங்களா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். தேன்மொழியின் அம்மா கறுத்த விரலால் என் கையைப் பிடித்தது கண்முன் வந்தது. அந்தத் தெருவில் இன்னும் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள்... ஒருத்தியின் வேலை போனால் இன்னொருத்தியைப் படிக்க வைப்பார்களா?

"பஸ்ஸு அந்தக் குலுக்கு குலுக்குச்சும்மா. எம் பிரஷரு அவளுக்கு ஏறிடுச்சி போல" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒரே நாள்ல ஏறவும் ஏறும்... இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்" என்று சொல்லி, மீனாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்.

மீனா பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. எடை குறைவு, பூனைக்குட்டி மாதிரி இருந்தது, இப்போது தேறிவிட்டது. ஊரில் என்னைக் கொண்டாடுகிறார்கள். கிழவிக்குத் தலை சுற்றியதே நல்ல சகுனம் என்கிறார்கள். குழந்தையைப் பார்க்க வந்த தேன்மொழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள்? மீனாவுக்காகவா? தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றுக்காகவா? கேட்டிருக்கலாம். "இப்பவாவது ஒனக்குக் கேக்குதாடி?" என்ற அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. எத்தனை வம்பு பேசிய வாய் இது!

இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்தப் பயம்தான்.

டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒரே நாளில் ஏறியும் இருக்கலாம். தேன்மொழி சரியாகவே கேட்டிருக்கலாம். நல்ல பிள்ளை. வெயிலில் வீடு வீடாக அலைகிறாள், ஒரு வீட்டை விடுவதில்லை. ஒரு வீட்டையும் விடுவதில்லை என்பதுதான் இப்போது என் பயமே.

என் பேத்தியை மட்டும் கடலூருக்கு இழுத்துப் போய்விட்டேன்...

நேற்று குழாயடியில் பக்கத்துத் தெரு வாணியைப் பார்த்தேன். ஏழு மாதம். காலில் கொலுசைக் காணவில்லை.

"கொலுசு எங்கடி?"

"இறுக்குது ஆயா, கழட்டி வச்சிட்டன்."

"கடலூருக்குப் போயி ஒரு தரம் காட்டிட்டு வந்துடேன்."

"எதுக்கு ஆயா? காலைலதான் தேன்மொழி அக்கா வந்து பாத்தாங்க. நார்மலாம்."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். நான் வாயைத் திறந்தேன். ஒரு பகடிகூட வரவில்லை.