மூன்று பேரோடு போன விண்கலம்

விண்வெளிக்குப் போகிறவர்கள்மீது என் மாமாவுக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. "ஒண்டரை மணித்தியாலத்தில உலகத்தையே சுத்தி வருகினம். ஒரு எல்லையிலயும் ஒருத்தரும் பேப்பர் கேக்கிறேல்லை" என்பார்.

மாமா அம்மாவின் தம்பி. அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டிருந்தது. லாங்கன்தால் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் தங்கியிருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. அம்மா முதியோர் இல்லத்திலும் அப்பா உணவகச் சமையலறையிலும் வேலை செய்ததால், எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத புதன் மத்தியானங்களில் மாமாதான் ரயிலும் ட்ராமும் ஏறி நாங்கள் இருந்த பூம்ப்ளிஸுக்கு வந்து என்னைப் பார்த்துக்கொள்வார். எனக்கு ஏழு வயது. வேலைக்குப் போகாத மாமா கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன்.

அப்படியொரு புதன்கிழமை, மூன்று பேரோடு ஒரு விண்கலம் புறப்பட்டதைக் கணினியில் நேரலையாகப் பார்த்தோம். மேலே விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான்களும் அதில் போயின. அசைய முடியாதபடி மூவரையும் இருக்கையோடு பட்டிகளால் கட்டியிருந்தார்கள். கலம் நிலையத்தோடு போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை அதையும் ஒன்றாகப் பார்ப்பதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை மாமா வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா வேலை உடுப்போடு குசினி நிலத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பா தொலைபேசியில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். மாமா எங்கே என்று கேட்டேன்.

"பிளேனில போறார்" என்றார் அம்மா.

என்னிடம் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபம்தான் வந்தது. கணினியை நானே திறந்தேன்.

கலம் மெல்ல மெல்ல வந்து பொருந்தியது. கதவு மட்டும் திறக்கவில்லை. எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்த்துத்தான் திறப்பார்கள் என்று மாமா முன்பே சொல்லித் தந்திருந்தார். கடைசியில் திறந்தபோது, உள்ளே இருந்தவர்கள் கைநீட்டி வந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துக் கட்டிப்பிடித்தார்கள்.

அதைச் சொல்லக் குசினிக்கு ஓடினேன். அப்பா தணிந்த குரலில் அம்மாவிடம், "விடிய பொலிஸ் வந்து, கையையும் காலையும் கட்டித்தான் கொண்டு போனவங்களாம்" என்றார். அம்மா வாய்விட்டு அழுதார்.

"அழாதேங்கோ அம்மா. அது அடிபடாமல் இருக்கத்தான். விண்வெளிக்குப் போறாக்களையும் அப்பிடித்தான் கட்டி இருத்துறவை."

அம்மா என் வாயைப் பொத்தினார்.

சில கிழமைகள் கழித்துக் கொழும்பிலிருந்து மாமா தொலைபேசி எடுத்தார். அம்மா நெடுநேரம் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் தந்தார். கதவு திறந்த கதையைச் சொன்னேன். அந்த மூன்று பேரும் குளிர்காலத்தில் திரும்பிவிடுவார்கள் என்றேன்.

"நீங்களும் அப்ப வருவீங்களோ மாமா?"

"சரி குஞ்சு. அப்ப வாறன்."

அதன்பிறகு அழைப்பு வரவில்லை. அப்பா தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்தார். யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனதாக ஒருவர் சொன்னார். அதற்குமேல் எவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

பனி கொட்டிய ஒரு நாள் அந்த மூவரும் பரசூட்டில் தொங்கிய கலத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களை வெளியே தூக்கி நாற்காலியில் இருத்திப் போர்வை போர்த்தினார்கள். அதைக் கணினியில் பார்த்துவிட்டு, நான் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு ட்ராம் தரிப்பிடத்துக்குப் போய் நின்றேன். அம்மா தேடிக்கொண்டு ஓடிவந்தார்.

"மாமா அப்ப வாறன் எண்டவர்" என்று அடம்பிடித்தேன்.

அம்மா ஏசவில்லை. என் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றார். ட்ராம்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள்.

இனித் திரும்பி வர வழியில்லை என்று தெரிந்து விடைபெறும்போதும் எங்கள் ஆட்கள் 'வாறன்' என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.