துண்டு போர்த்திய பாதங்கள்

இரண்டு உள்ளங்காலிலும் கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் என்று எழுதிக்கொண்டு கோயிலில் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டவன் பெங்களூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுதியது மார்க்கர் பேனாவால். ஹெப்பகோடியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்குக் குறி போடும் பேனா அது. மழையில் நனைந்தாலும் அழியாது என்பது ஸ்டோர்ஸ் பொறுப்பாளனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிற்கிற வரைக்கும் உள்ளங்கால் தரையைத்தான் பார்க்கும். விழுந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் பார்க்கும் என்பது எழுந்திருக்கும்போதுதான் உறைத்தது. பின்னால் நின்றவர் அக்கறையோடு குனிந்து சொன்னார்:

“சார், லெஃப்ட்ல கிட்னி கொஞ்சம் அழிஞ்சிருக்கு. டாக்டரப் பாத்துடுங்க.”

எல்லாம் என் மாமனாருடைய தூக்கத்துக்காக. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிது. மாமியார் போன பிறகு ஆம்பூரில் தனியாக இருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை அப்படியே கிடந்திருக்கிறார். என் மனைவி அன்றே போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவருக்குக் கண் மூடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, இடம் மாறியதில் மனசு இன்னும் அடங்கவில்லை என்றார். மாமனார் தன் பையை மடித்த வேட்டிகளோடு கதவு மூலையிலேயே தயாராக வைத்திருந்தார்.

“இந்த ஊரு எனக்கு ஒத்துக்கலம்மா. ஞாயித்துக்கெழம கெளம்பறேன்.”

“அங்க போயி மறுபடி விழுந்தா யாருப்பா பாக்கறது? பால்காரனா?”

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவைத்தாள். சாக்குகள் தீர்ந்துகொண்டு வந்தன. குடும்பத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அதைப் பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு, பிரச்சினையை விட்டுவிடுவது என் வழக்கம். இந்த முறை புத்தகத்தோடு நிற்காமல் வகுப்புக்கே போனேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் சனிக்கிழமைதோறும் ரிஃப்ளெக்ஸாலஜி கற்றுக்கொடுத்தார்கள். பாதத்தில் ஒவ்வோர் இடமும் உடம்பில் ஓர் உறுப்புக்குச் சொந்தம், அங்கே அழுத்தினால் இங்கே இதமாக இருக்கும் என்பது கணக்கு. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“வியாதிய கொணப்படுத்துறேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. யாரோட மாத்திரையையும் நிறுத்தாதீங்க. களைப்பு போகும், மனசு லேசாகும். அது போதாதா?”

எனக்குத் தாராளமாகப் போதும். கட்டைவிரலை மடக்கி நிமிர்த்திக் கம்பளிப்பூச்சி போல ஊர வைக்க வேண்டும். நான் ஊர வைத்ததைப் பார்த்துவிட்டு அவர், “பிரதர், இது பாதம். சப்பாத்தி மாவு இல்ல” என்றார். வீட்டில் என் காலிலேயே பழகினேன். எந்த உறுப்பு எங்கே என்று மறக்காமலிருக்க அந்த மார்க்கர் பேனா வந்தது அப்போதுதான்.

கை பழகிய பிறகு ஒரு சாயங்காலம் மாமனார் முன்னால் தரையில் உட்கார்ந்து, “மாமா, காலக் கொஞ்சம் நீட்டுங்க” என்றேன். பாம்பைக் கண்டதுபோல அவர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

“என்ன மாப்ள பண்றீங்க? எழுந்திருங்க மொதல்ல!”

“கால அமுக்கினா தூக்கம் வரும் மாமா.”

“கல்யாணத்துல உங்க கால நான் பால் ஊத்திக் கழுவியிருக்கேன். இப்ப நீங்க என் காலப் புடிக்கறதா? ஊருல கேட்டா என் மூஞ்சியிலதான் துப்புவாங்க.”

இது எந்தப் பாடத்திலும் வரவில்லை. நர்ஸம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். நான் தரையில் உட்காரக் கூடாது. கட்டில் ஓரத்தில் அவருக்குச் சமமாக உட்கார வேண்டும். அவர் பாதங்கள்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் நான் தொடுவது துண்டைத்தான், காலை அல்ல.

மாமனார் ரொம்ப நேரம் யோசித்தார். முப்பத்தாறு பக்கக் கட்டுரையைத் திருத்துகிற முகம். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். உடன்படிக்கைகளின் அருமை தெரிந்தவர். கடைசியில் தன் பங்குக்கு ஒரு ஷரத்தும் சேர்த்தார்: முடிந்ததும் நான் கை கழுவ அவர்தான் தண்ணீர் ஊற்றுவார். மாப்பிள்ளை மரியாதை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு துண்டுக்கு அடியில் இருப்பது எது என்று ஊகித்து ஊகித்து அழுத்தினேன். பேசாமல் ஒருவர் காலைப் பிடிப்பது சங்கடமாக இருக்கும் என்பதால் விளக்கிக்கொண்டே போனேன். இது பெருவிரல், தலைக்கு உரியது. பந்துபோன்ற இந்த மேடு நுரையீரல். அதற்குக் கீழே ஒரு பள்ளம். மனக்கலக்கம் எல்லாம் அங்கேதான் அடங்கும். பித்தப்பையைத் தொட்டு, அங்கிருந்து அக்குபங்சர் வழியாகச் சீன தேசத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் நானே கை கழுவிக்கொண்டேன். மனைவி வாசற்படியில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நெஜமாவே தூங்கறாருங்க” என்றாள்.

மறுநாளும் தூங்கினார். அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. யாரும் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே வேட்டிகள் பீரோவுக்கும் பை பரணுக்கும் போயின. சொல்வதற்கு வெட்கமில்லை, என் கட்டைவிரல்மேல் எனக்கு அபார மரியாதை வந்துவிட்டது. தொழிற்சாலையில் காலை நீட்டுங்கள் என்று நான் கேட்காதவர் குறைவு. இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கலை பொய்யில்லை. அலுத்துப்போன பாதத்தை ஒரு மனிதர் அவசரமில்லாமல் கையில் ஏந்தினால் உடம்பு தளரத்தான் செய்யும்.

சந்தாபுராவிலிருந்து என் மைத்துனி அப்பாவைப் பார்க்க வந்தாள். நான் சமையலறையில் எல்லோருக்கும் காபி கலந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவள் கேட்டது காதில் விழுந்தது.

“மாமா உங்க கால அமுக்கறது அவ்ளோ நல்லா இருக்காப்பா?”

“அமுக்கறது பரவால்லம்மா,” என்றார் மாமனார். “ஆனா அவரு கல்லீரல்னு வெளக்க ஆரம்பிச்சாருன்னா பித்தப்பை வர்றதுக்குள்ள கண்ணு சொருகிடுது. என் கிளாஸ்ல பசங்க ஏன் அப்படித் தூங்கினானுங்கன்னு இப்பதான் புரியுது. பாவம், அவனுங்கள நான் அடிச்சிருக்கக் கூடாது.”