பக்கத்து சீட்டுக்கு ஒரு பெயர்

டிரைவிங் மாஸ்டருக்குக் காரில் ஏறினால் வாய் சும்மா இருக்காது. எதற்கெடுத்தாலும் கடவுளின் பெயர் ஒன்றைச் சொல்வார், அர்த்தத்தோடு. சாவியைத் திருப்பும்போது யேகோவா நிசி, கர்த்தர் என் வெற்றிக்கொடி. கியர் கரகரத்தால் யேகோவா ராப்பா, குணமாக்குகிறவர். பின்னால் எவனாவது ஹாரனை அலறவிட்டால் யேகோவா ஷாலோம், சமாதானம் தருகிறவர். அதைச் சொல்லிக்கொண்டே கண்ணாடி வழியாக அவனை ஒரு முறை முறைத்தும் வைப்பார். பெட்ரோல் முள் படுத்துவிட்டால் யேகோவா யீரே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

"அவர் பாத்துப்பார். நீங்க முள்ளையும் கொஞ்சம் பாருங்க" என்பாள் மனைவி.

அந்த மனைவிதான் இப்போது அவருக்குப் பெரிய தலைவலியான மாணவி. பக்கத்து ஊரில் இருக்கும் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். வலி கண்டதாகத் தகவல் வந்தால், யாரையும் எதிர்பார்க்காமல் தானே ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் முதல் டெஸ்ட்டில் கோட்டை விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பயிற்சிக் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரார் ஓட்டினால் அதைத் தொடவே மாட்டார். மனைவி ஓட்டினால் மட்டும் தெருமுனை வருமுன்பே அழுத்திவிடுவார். பாசம்தான், வேறென்ன! கார் தானாகவே நிற்கும் என்று அவள் பழகிப்போனாள். டெஸ்ட்டில் அது நிற்கவில்லை, தடுப்புக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறினார். மாஸ்டர் மதிலோரம் நின்றார். மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னதும் கார் பின்னால் வழுக்கியது. மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. பயத்தில் ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

கார் நின்றது. அவள்தான் நிறுத்தினாள். பிறகு மெல்ல உறுமி மேடேறி, அந்தப் பக்கம் அழகாக இறங்கியது.

பாஸ்!

இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனதும் மாஸ்டர் ஓடிப்போய்க் கேட்டார்: "எந்தப் பேரைச் சொன்ன?"

"இம்மானுவேல். தேவன் நம்மோடு இருக்கிறார்."

"அதை நான் கார்ல சொன்னதே இல்லையே?"

"எப்படிச் சொல்லுவீங்க? அவர் உக்கார வேண்டிய சீட்லதான் நீங்க உக்காந்திருந்தீங்களே!"

சிரித்துக்கொண்டே அவள் சாவியைத் திருப்பினாள். முன்கதவில் கை வைத்த மாஸ்டர், கையை எடுத்தார். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.