சோப்புக் கிடங்கின் மாடி

விசாரணைப் பிரிவின் இரண்டாம் மாடியில் பத்தொன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறவளை எல்லோரும் ‘மெஷின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தளத்தில் பதிவாகும் விசாரணை மேலே வரும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை அவள் தாளாக்குவாள். பதிலை மட்டும் அடிக்க வேண்டும், கேள்வி கூடாது. அலறலுக்கு மூன்று புள்ளி. இது அங்கே எழுதி வைக்காத விதி. அவளை நல்லவள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. புள்ளிகளை அவள் தப்பாமல் வைத்திருக்கிறாள்.

அங்கே யாரும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. பழைய வாக்குமூலம் ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே புதியதை அடிப்பார்கள்.

வெடிமருந்து வழக்கில் முதல் ஆள் பிடிபட்ட அன்று அவன்மேல் யாரும் கை வைக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மூடிக்கிடக்கும் சினிமா கொட்டகையின் பின்கொட்டிலில் பைகள் இருப்பதாகத் தானாகவே சொன்னான். அவள் அடித்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து கணவரின் போன்.

“பீரோ சாவி எங்கடி?”

“உங்க சட்டைப் பையில பாருங்க.”

“அட, ஆமா. நீதான் போலீஸ்ல இருக்க வேண்டியவ.”

சிரித்துக்கொண்டே திரும்பியவள் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். ‘இடம்’ என்ற வரியில், நாலு வருடத்துக்கு முன் முடிந்துபோன கடத்தல் வழக்கின் சோப்புக் கிடங்கு மாடி அப்படியே நின்றது.

மூன்றாம் வாரம் இரண்டாவது ஆளின் பதிவு வந்தது. “சோப்புக் கிடங்குதானே?” என்றது கேள்விக் குரல். இல்லை என்றான். மறுபடி கேட்டது. மூன்று புள்ளி. இன்னும் மூன்று புள்ளி. “ஆமா, ஆமா, அங்கதான்.”

அவள் கை நின்றது. யாருமே சொல்லாத இடம் அது. முதல் ஆளின் தாளை எடுத்துப் பார்த்தாள். ‘இடம்’ வரியில் சோப்புக் கிடங்கு மாடி. கிடங்கின் காவலாளியை அன்று காலைதான் கீழே கொண்டுபோயிருந்தார்கள்.

விசாரணை அதிகாரியிடம் போய் நின்றாள். “சார், தப்பு என்னோடது. பழைய வரிய அழிக்காம விட்டுட்டேன். முதல் ஆள் சொன்னது சினிமா கொட்டகை. பதிவு இருக்கு, கேட்டுப் பாருங்க.”

“ரெண்டாவது ஆளும் கிடங்குன்னு சொல்லிட்டானேம்மா.”

“நீங்க கேட்டதத்தான் சார் அவன் திருப்பிச் சொன்னான்.”

“மேல ரிப்போர்ட் போயாச்சு. இப்ப டைப்பிங் மிஸ்டேக்குன்னு நான் போய் நிக்கவா? போங்க. கீழ நடக்கிறது வெளியில போகாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

வீட்டில் பாதியை மென்று முழுங்கிவிட்டு, “வேலைய விட்டுடட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். கணவர் அரசு குடியிருப்பின் கூரையை அண்ணாந்து பார்த்தார். “விட்டா இதையும் விடணும். எங்கடி போவோம்?” அப்புறம், “மெஷினுக்கு ஏது ராஜினாமா?” என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் இரண்டாவது ஆளின் வாக்குமூலத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் மேலே கேள்வியையும் அடித்து அனுப்பினாள். அவள் செய்த ஒரே துணிச்சல் அதுதான். மாலைக்குள் தாள் திரும்பி வந்தது: கேள்விகளை நீக்கவும். நீக்கினாள்.

ஆனாலும் யாரோ உறுத்தலில் பதிவைக் கேட்டிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் கொட்டகைக்கு ஆள் போனது. பின்கொட்டிலின் தூசியில் இரண்டு பைகள் இருந்த தடம் மட்டும் இருந்தது.

இனிக் காவலாளியை விட்டுவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். அதிகாரி வேறு கணக்குப் போட்டார். “அதுக்குள்ள ஆமான்னு கையெழுத்துப் போட்டுட்டான்மா. அப்ப, பைய எங்க மாத்தினாங்கன்னும் அவனுக்குத்தான் தெரியணும்.”

அடுத்த பதிவு மேலே வந்தது. “எங்க மாத்தினீங்க?” காவலாளிக்குத் தெரிந்த இடங்கள் கொஞ்சம்தான். பஸ் ஸ்டாண்ட் என்றார். தண்ணீர்த் தொட்டி என்றார். தம்பி வீடு என்றார். மூன்று புள்ளி. சொல்ல இடம் தீர்ந்துபோய், கடைசியில் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைச் சொன்னார்.

‘இடம்’ என்ற வரியில் இருந்த பழையதை அவள் கவனமாக அழித்தாள். பள்ளிக்கூடத்தின் பெயரை அடித்தாள்.