வெறுங்காலோடு வண்டி ஓட்டிய அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். தல்லாகுளத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் கட்டுரை எழுதும் வேலையை எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் எழுத வேண்டியதை எழுதினால் சிலருக்குக் கசக்கும். அப்பாவின் சாவுக்குத் தம்பிதான் காரணம் என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. உண்மை எது என்பதை அப்பாவின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே வந்து சொல்கிறேன். பாதியில் மடித்து விசிறிக்கொள்ளாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

அப்பா பிறந்தது சோழவந்தானுக்குப் பக்கத்தில், வைகை வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூரில். பன்னிரண்டு வயதில் தகப்பனாரைப் பறிகொடுத்தார். அதோடு படிப்பும் போயிற்று. அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனார். வெற்றிலைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். சுமை தூக்கித் தூக்கிக் கழுத்தே உள்ளே போய்விட்டது என்று அம்மா கேலி செய்வார்கள். பிறகு குத்தகைக்கு ஒரு கொடிக்கால், அப்புறம் சொந்தமாக ஒன்று என்று தன் கையாலேயே மேலே வந்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. கோபம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்காலுக்குள் போய்விடுவார். வெளியே வரும்போது கோபம் இருக்காது. அந்தக் குணம் தம்பிக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு நுழையக் கூடாது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மதுரை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வெற்றிலை லட்சுமி. வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எவரும் உள்ளே போவார்கள். எழுபதுகளின் நடுவில் அப்பா ஒரு பழைய காரை வாங்கினார். ஊரில் யாரும் அதைக் கார் என்று சொல்லவில்லை, பிளசர் என்றார்கள். வெற்றிலையை வாடாமல் மதுரை மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அதை வாங்கினார். ஈர வைக்கோலில் சுற்றிய கட்டுகளைப் பின்சீட்டிலும் டிக்கியிலும் அடுக்குவார். மதுரை போய்ச் சேரும் வரை வண்டிக்குள் தண்ணீர் சொட்டும். வெற்றிலை ஏறிய வண்டியும் கொடிக்கால்தான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் அந்த வண்டிக்குள் செருப்புப் படவே இல்லை. அப்பா வெறுங்காலோடுதான் ஓட்டினார். ஏறியவர்களும் வெறுங்காலோடுதான் ஏறினோம்.

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் போனது. என் வீட்டுக்காரர் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, தப்பா நினைக்காதீக. செருப்ப மட்டும் கழட்டிருங்க" என்றார். "டிக்கியில வச்சுக்கலாமா மாமா?" என்று இவர் கேட்க, "டிக்கியிலயுந்தான மாப்ள வெத்தல ஏறுது" என்று அப்பா சங்கடத்தோடு நெளிந்தார். கடைசியில் மாப்பிள்ளை காரில் வந்தார், அவர் செருப்பு பின்னால் சைக்கிளில் வந்தது. எங்கள் வீட்டில் ஏதாவது மனத்தாங்கல் வந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தச் செருப்பைத்தான் முதலில் எடுப்பார்.

ஊருக்கே அந்த ஒரு வண்டிதான். பிரசவ வலி கண்ட பெண்களை அப்பா மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளில் சிலர் அந்த வண்டியில் போய்த்தான் பிறந்தீர்கள்.

அதே வண்டியில்தான் அம்மாவையும் கொண்டுபோனோம். ஒரு நாள் காலையில் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் அப்போது ஊருக்கு வந்திருந்தேன். பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா ஓட்டினார். "வெரசாப் போங்கப்பா" என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். பரவை தாண்டியதும் அம்மாவின் கை என் கைக்குள் கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கண்ணாடியில் பார்த்து, "எப்படித் தாயி இருக்கா?" என்று கேட்டார். ஓட்டுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வேன். "கண்ணசந்திருக்காகப்பா" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் வேறு யாரோ சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் போனாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஏழெட்டு வருடம் சொட்டிய வெற்றிலைத் தண்ணீர் வண்டியின் அடித்தகட்டைத் தின்றுவிட்டது. ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்தில் ஓட்டை விழுந்து ரோடு தெரிந்தது. "எந்த ஊரு வந்துச்சுன்னு குனிஞ்சு பாத்துக்கலாம்ல" என்று அப்பா சிரிப்பார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வற்புறுத்தி அப்பாவை மதுரையில் வண்டியை வழக்கமாகப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் பாயிடம் கூட்டிக்கொண்டு போனான். பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "அண்ணே, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். இதுல இரும்பே இல்ல. பெயிண்டுதான் வண்டியாட்டம் நிக்குது. தகரம் வச்சு ஒட்டலாம், ரெண்டு மழைக்குத் தாங்கும், திரும்பப் பிச்சுக்கும். பேசாம தள்ளிவிட்டுட்டு வேற பாருங்க" என்றார்.

தம்பி விடவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ரைஸ்மில்காரரிடம் நல்ல வண்டி ஒன்று இருந்தது. தம்பியும் அப்பாவும் பாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அடித்தகடு சுத்தமாக இருந்தது. அப்பாவும் சம்மதித்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை மாற்றினால் அது சத்தியம். பழைய வண்டியை வாங்கவும் ஒருவர் வந்துவிட்டார். இம்புட்டும் தம்பி செய்த ஏற்பாடு. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி கேள்விப்பட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பின்கதவைப் பிடித்துக்கொண்டு, விற்கக் கூடாது என்று நின்றேன். "அக்கா, அடியில ஓட்டைக்கா. அப்பா கால் எங்கிட்டு வைப்பாக?" என்று தம்பி கெஞ்சினான். அவனை ஒதுங்கச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்: "அம்மா ஆஸ்பத்திரியில போகல. இந்தச் சீட்டுல, எம் மடியிலதான் போனாக. அம்மா உசுரு போன எடத்த எவனுக்கோ தூக்கிக் குடுப்பீகளாப்பா?"

அப்படி ஒரு செய்தியை அப்படியா சொல்வது. சாந்தமாக உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை, வண்டியை நிறுத்துவதற்காகக் கல்லைத் தூக்கிப் போடுவதுபோல் போட்டேன். அப்பா குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். பிறகு, "எந்த எடத்துல தாயி?" என்று கேட்டார். "பரவை தாண்டி" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்காலுக்குப் போனார். திரும்பி வந்தவர், "வண்டி இருக்கட்டும். தகரம் வச்சுக்கிருவோம்" என்றார்.

மாற்றிய வெற்றிலைக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி வந்தது. கட்டிக்கொடுத்த மகள் அழுதாள், அதனால் வாக்குத் தவறினேன் என்று அப்பா எப்படிச் சொல்வார். என் வீட்டுக்காரர் காதுக்குப் போனாலும் பேச்சாகும். அப்போது தம்பிதான், "எம் பேரச் சொல்லிருங்கப்பா. மகன் வேணாம்னுட்டான்னு சொன்னா முடிஞ்சுபோச்சு" என்றான். அவனே கொட்டாம்பட்டிக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்று, வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தான். புது வண்டி வாங்க மனமில்லாத கஞ்சன் என்று ஊரும் உறவும் பேசியது அன்றிலிருந்துதான். நான் வாயைத் திறக்கவில்லை. சின்ன விஷயம், நாளாவட்டத்தில் மறந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

பாய் தகரம் வைத்து ஒட்டினார். அவர் சொன்னபடியே இரண்டு மழை தாங்கியது. மறுபடி ஒட்டினார். மூன்றாவது முறை, "இனி ஒட்டுறதுக்கு எனக்கு எடம் இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார். அப்பா அதன்மேல் சாக்கை விரித்துக்கொண்டு ஓட்டினார். அதற்குள் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பாதத்தில் உணர்ச்சி மரத்திருந்தது. குதிகாலைத் தகர விளிம்பு கிழித்தது அவருக்கே தெரியவில்லை. மண்டியில் இறங்கி நடந்தபோது தரையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "செருப்பாச்சும் போட்டு ஓட்டுங்கப்பா" என்று தம்பி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறான். வெற்றிலை இருக்கிற வண்டியில் செருப்பா என்று அப்பா கேட்டுவிட்டார். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தடவிக்கொண்டு இரண்டு வாரம் அதே காலோடு ஓட்டினார். தம்பி வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது பாதம் கறுத்திருந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

காலை எடுத்த பிறகு ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். "அன்னைக்கு வண்டியில அவ என்னமும் சொன்னாளா தாயி?" என்று அப்பா கேட்டார். அத்தனை வருடத்தில் அதுவரை அவர் கேட்டதில்லை. "அவுகள மெதுவா ஓட்டச் சொல்லுன்னாகப்பா" என்றேன். அது பொய்யில்லை. அம்மா சொன்னதுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "தம்பி பேர நான் கெடுத்துப்புட்டேன். நம்ம வீட்ல வாய் உள்ளவ நீதான். நீ சரி பண்ணிரு" என்றார். செய்கிறேன் என்று சொன்னேன். நான்காம் நாள் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் எல்லோரும் கூடியிருந்தீர்கள். அத்தை எழுந்து நின்று, "ஒரு தகரத்த வச்சு ஒட்டி எங்கண்ணன முழுங்கிட்டான். இவன் வீட்ல இனி நான் கை நனைக்க மாட்டேன்" என்றார்கள். கூடப் பிறந்த அண்ணனைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல்; அத்தையை நான் குறை சொல்லவில்லை. இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தீர்கள். தம்பி மொட்டைத் தலையோடு, கையில் சாம்பார் வாளியோடு நின்றான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் பதில் சொல்கிறவள், தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். தம்பி வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான்.

அப்பாவின் கடைசி நாட்களில் உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாய் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து கட்டிலோரம் நின்று துவா செய்தார். தகரம் ஒட்டியதற்காக அவர் இன்றும் மனம் புழுங்குகிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கொடிக்கால் வேலையாட்கள் அப்பா இல்லாத நாட்களில் ஒரு கொடிகூட வாடாமல் பார்த்துக்கொண்டார்கள். வண்டியை என்ன செய்வது என்று தம்பி என்னிடம்தான் கேட்டான். பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். அப்பா இருக்கும்போது சொல்ல வராத வார்த்தை அப்போது வந்தது.

தம்பி, அச்சகத்துக்குக் கொடுக்குமுன் இதை உன்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பாய். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

அத்தைக்கும், அன்றைக்கு இலையை விட்டு எழுந்த மற்ற உறவினர்களுக்கும்: அந்த வண்டியை விற்கவிடாமல் தடுத்தவள் நான். இன்று பூசை முடிந்ததும் தம்பி வீட்டில் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு வருடமாக அங்கே நம் சனத்தில் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. போய் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிடுங்கள். கை நனைக்கக் கூடாத வீடு என்று ஒன்று நமக்கு வேண்டுமென்றால், தல்லாகுளத்தில் என் வீடு இருக்கிறது.